இன்னும் ஒரு நாள்

மழை விட்டிருந்தாலும் காற்றில் ஈரம் போகவில்லை. கமலவேணி டீச்சரின் ஸ்கூட்டருக்கு அவசரப்பட்டு அடித்த சிவப்பு பெயிண்ட், அரைமணி நேரத்தில் பால் படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. பெயிண்டர் தனிஸ்லாஸ் அதை முழுக்கத் தேய்த்து எடுத்தார்.

"நல்ல வெயில் வரணும் டீச்சர். அதுவரைக்கும் ஸ்கூல்ல நானே கொண்டுபோய் விடுறேன். தப்பு என்னோடதுதானே."

மூன்று நாள் அவருடைய பைக்கில் போனாள். மூன்றாம் நாள், கணவர் இறந்தபிறகு யாருடைய வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை என்றாள். அவர் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

நான்காம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. ஒவ்வொரு பூச்சையும் காயவிட்டு, மெல்லிசாக நாலு தடவை அடித்தார். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி வந்தவளின் முகம் ஸ்கூட்டரில் தெரிந்தது.

"எடுத்துக்கலாமா?"

தனிஸ்லாஸ் சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒரு நாள் காயட்டும் டீச்சர்."

அவள் ஸ்கூட்டரின் முன்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. ரேகைகூடப் பதியவில்லை.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவருடைய பைக் அருகே போய் நின்றாள்.