மூன்றாவது ஹெர்னியா

மாவட்டத்து ஆண்குல வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய காலை அது.

தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு காட்டியது.

பத்தாம் நாள். காய்ச்சல் இல்லை. தையலில் சீழ் இல்லை.

அவர் ஐஸ் பையைத் தொடையிடுக்கில் சரிசெய்துகொண்டு, ஜெயித்த வேட்பாளரைப் போலத் தலையணையில் சாய்ந்தார்.

விறைப்புக்காக ஆணுறுப்புக்குள் வைத்த முதல் கருவி சீழ் பிடித்து வெளியே வந்தது. இரண்டாவதில் பம்ப் பழுதாகி நீர் கசிந்தது. இது மூன்றாவது. இதற்கும் சீழ் பிடித்தால் எடுத்துப் போட்டுவிட்டு ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்றிருந்தார் டாக்டர்.

"மூணு தடவை தாங்கின ஆளு, எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்" என்றும் சொல்லியிருந்தார்.

அதை அவர் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட முடியாது. அது ஒன்றுதான் குறை.

ஊருக்கு ஹெர்னியா. மனைவி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி சென்னியப்பன் வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், நெற்றி நிறையத் திருநீறு.

மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இந்த மனிதரை எதிலும் முந்த முடிந்ததில்லை. இவர் ஒரு மாடி எழுப்பினால் அவர் இரண்டு எழுப்புவார். இவருக்குச் சர்க்கரை இருநூறு என்றால் அவருக்கு முந்நூறு இருக்கும்.

இன்று முந்தியாயிற்று. வெளியே சொல்லத்தான் வழியில்லை.

"ஹெர்னியா மூணாவது தடவைங்களா, சம்பந்தி?"

"மூணாவதுங்க."

நெஞ்சு தானாக ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

சென்னியப்பன், இவர் அகட்டி வைத்திருந்த கால்களைப் பார்த்தார். ஐஸ் பையைப் பார்த்தார். அது இருந்த இடத்தைப் பார்த்தார்.

சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நாலு தடவை பார்த்தவன் சொல்றேனுங்க. ஆறு வாரத்துக்குப் பம்பைத் தொட்றாதீங்க."

ஹெர்னியாவுக்குப் பம்ப் கிடையாது.