விற்பனைக்கு இல்லாத வாத்துகள்

"அந்த ரெண்டு வாத்தும் விக்கிறதுக்கில்ல."

சொல்லிவிட்டு சியூ-லான் பாட்டுக்குக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

திரு. யிப்புக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சுட்ட வாத்துக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று இரண்டு வாத்துகள் கொக்கியில் தொங்குகின்றன. விற்க மாட்டாளாமே!

"விளையாடாதே சியூ-லான். என் பொண்ணைப் பேசி முடிக்க பன்னெண்டு மணிக்கு சம்பந்தி வீட்டார் வர்றாங்க. முழு வாத்து, தலையோட வேணும்."

"உள்ளே அரை வாத்து இருக்கு, வெட்டித் தர்றேன். முழுசு வேணும்னா ஒரு மணிக்கு மேல வாங்க."

"சம்பந்திக்கு அரை வாத்தா? கல்யாணம் நடக்கணுமா, வேண்டாமா?"

வெட்டுக் கத்தியோடு நின்ற அவள் புருஷன் கியூங் தலையில் அடித்துக்கொண்டான். "காலைலேர்ந்து நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டா அண்ணே. நீங்க அஞ்சாவது. நான் சொல்லி என்னிக்குக் கேட்டிருக்கா?"

யிப்புக்கு மூக்கு சிவந்தது.

"இந்தக் கடை வரிசையை இடிச்சுட்டு இருபது மாடி கட்டப் பாக்குறாங்க. வர்ற செவ்வாய்க்கிழமை நகரசபையில உன் கடைக்காகப் பேசப்போறது யாரு? நான்! கடைக்காரங்க சங்கத் தலைவர்னு ரெண்டு வருஷமா நாயா அலையிறது யாரு? நான்! எனக்கே ஒரு வாத்து கிடையாதா?"

சியூ-லானுக்கு அது தெரியாமல் இல்லை. பதினெட்டு வருஷமாகச் சோறு போடுகிற கடை. தலைவரைப் பகைத்துக்கொள்ள அவளுக்கு மட்டும் ஆசையா என்ன? ஆனாலும் அசையவில்லை.

"யாருக்கு எடுத்து வச்சிருக்கே? பெரிய இடத்து ஆளா?"

அவள் எதிர்ப் பிளாட்பாரத்தைக் காட்டினாள். வான்கூவரின் நசநசவென்ற தூறலில், மடக்கு ஸ்டூல் போட்டு, பிளாஸ்டிக் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தாள்.

"நம்ம கடையைத்தான் படம் போடுது. முடியிற வரைக்கும் ஜன்னல்ல இருக்கிறதை எடுத்துடாதீங்க அத்தைன்னு கேட்டுச்சு. சரின்னுட்டேன். கொக்கி காலியா இருந்தா செத்த கடை மாதிரி இருக்காதா?"

"இதுக்காகவா? ஒரு போட்டோ எடுத்துட்டுப் போய் வீட்ல வரையச் சொல்லேன்!"

"கூடாதாம். நேர்ல உக்காந்து, கண்ணால பாக்குறதைத்தான் வரையணுமாம். கடைக்காரங்களும் ஒத்துழைக்கணுமாம். தெருவுல இருக்கிற கடைங்களை வரையிறதுக்குன்னு ஒட்டின நோட்டீஸ்லயே போட்டிருக்கு."

"எந்த மடையன் போட்ட நோட்டீஸ் அது?"

சியூ-லான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பிய்த்து நீட்டினாள். "நீங்களே படிங்க அண்ணே."

யிப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

"போச்சு!" என்றான் கியூங். "இனிமே செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வாயைத் திறப்பாரா?"

சியூ-லானுக்குப் பகீரென்றது. அந்தப் பெண்ணை ஏதாவது சொல்லிவிடப் போகிறாரே என்று ஈரக் கையோடு பின்னாலேயே ஓடினாள்.

யிப் அதற்குள் ரோட்டைக் கடந்திருந்தார். குடையை விரித்து, அந்தப் பெண்ணின் தாள் நனையாதபடி சாய்த்துப் பிடித்தார். அவர் முதுகுதான் பாதி நனைந்தது.

"அவசரப்படாம வரைம்மா. அந்த ரெண்டு வாத்தும் படத்துல நல்லா விழணும். செவ்வாய்க்கிழமை நகரசபைக்காரங்க முன்னாடி இதைத்தான் வைக்கப்போறோம். சம்பந்தி காத்திருக்கட்டும்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ரொம்ப நன்றி மாமா. ஆமா, நீங்க யாரு?"

யிப் ஓரக்கண்ணால் சியூ-லானைப் பார்த்தார்.

"நோட்டீஸைப் படிச்சுக்கூடப் பாக்காம, தலைவர்னு அடியில கையெழுத்துப் போட்ட மடையன்மா!"