மாலை போட்ட படம்

"மார்ச் 9. நேற்று ஒரு பிழை எழுதிவிட்டேன். ஊசி போட்டதும் மயங்கினேன் என்றது தவறு. காலையில் சாப்பிடாமல் போனதால் தடுப்பூசி முகாம் வரிசையிலேயே விழுந்தேன். ஊசி போடவே இல்லை."

நாட்குறிப்பில் எழுதிய இதை மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் ஜெனோவா மாலைநேரத் தட்டச்சு வகுப்புக்குப் போனாள். அங்கே எல்லார் செல்பேசியிலும், முகாமில் யாரோ எடுத்த படத்தில், அவள் மஞ்சள் சுடிதாரில் தரையில் கிடந்தாள். படத்துக்கு மாலை போட்டு, 'கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குப் பலியான மாணவி' என்று எழுதியிருந்தார்கள்.

"ஏட்டி, செத்தவளுக்கு எதுக்கு டைப்பிங்?" என்று சிரித்த பக்கத்து இருக்கைப் பனிமேரி, உடனே குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா இதப் பாத்துட்டு, நாளைக்கு ஊசி போடப் போகக்கூடாதுன்னுட்டா."

ஜெனோவாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. மேசைக்கடியில் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். துடித்தது.

"உங்கம்மாவ முகாமுக்குக் கூட்டிட்டு வா. உனக்கு ஊசி அப்புறம். மொதல்ல அவங்க வந்து பாக்கட்டும்."

"எதப் பாக்க?"

"செத்தவள."

வீட்டுக்கு வந்ததும் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டாள். பிறகு நாட்குறிப்பைத் திறந்து எழுதினாள்: "நாளை காலை ஐந்து இட்லி சாப்பிட வேண்டும். அதே மஞ்சள் சுடிதார். வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும்."