முதலாளியின் தேகப்பயிற்சி சாலை

“ஏலே, மூட்டை சுமந்தா முதுகு கூனும், கட்டை சுத்தினா நெஞ்சு நிமிரும்! சாட்சி வேணும்னா இந்த உஸ்தாதப் பாருங்கலே!”

கோட்டாறு அரிசிக் கிட்டங்கி முதலாளி பக்கீர் முகம்மது, குடைக் காம்பால் பயிற்சி ஆசான் செய்யது அலியின் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். தேக்குக் கதவு மாதிரி அகன்ற நெஞ்சு. சுமைக்காரர்கள் அதை நன்றாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

கொழும்பில் ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனி சிப்பந்திகளுக்குத் தேகப்பயிற்சி சாலை வைத்திருப்பதைக் கண்டு வந்ததிலிருந்து முதலாளிக்கு இந்தப் பித்து. கிட்டங்கியை ஒட்டி ஒரு கூடம் கட்டினார். கர்லாக்கட்டைகள், இரும்புக் குண்டுகள், ஆளுயரக் கண்ணாடி எல்லாம் வந்திறங்கின. வாசலில் தொங்கிய பலகையில் சாலையின் பெயர் சிறிதாகவும் அவர் பெயர் பெரிதாகவும் இருந்தன.

“ஓய் உஸ்தாது, திறந்து ஒரு மாசமாச்சு. ஈ, காக்கா எட்டிப் பாக்கல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தனாவது கட்டையத் தொடணும். இல்லேன்னா நீரு ஊரப் பாத்துப் போயிரும்.”

“சரி முதலாளி.”

“நீராவது கொஞ்சம் சுத்திக் காட்டுமே?”

“சிஷ்யன் இல்லாம வித்தை காட்டப்படாது முதலாளி. அது கட்டுப்பாடு.”

முதலாளி பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

செய்யது அலி அலுப்போடு படியில் உட்கார்ந்தார். இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் மனைவி கதீஜா உம்மாள் மகளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருக்கிறாள்.

சுமைக்காரர்களில் கடைசியாகத் தங்கையன் காலை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தான்.

“மக்கா, ஒரு நாளைக்கு உள்ள வந்துட்டுப் போயேன்.”

“பகல் பூரா மூட்டை, பொழுது சாஞ்சா கட்டையா? நாங்க மனுசனா, வண்டிமாடா? உள்ள நாலு பாய விரிச்சுப் போடும் உஸ்தாது. கோட்டாறே வந்து கெடந்து பயிற்சி எடுக்கும்.”

செய்யது அலிக்குச் சிரிப்பு வரவில்லை.

“வெள்ளிக்கிழமையோட எனக்குச் சீட்டுக் கிழியும் மக்கா. வீட்டுல கல்யாணம் வெச்சிருக்கேன்.”

தங்கையன் நின்றான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு உள்ளே வந்து, கர்லாக்கட்டை ஒன்றை இழுத்துப் போட்டான்.

“உமக்காக வாறேன். காட்டும், எப்படிப் புடிக்கணும்? எத்தன வருசம் சுத்தினா உம்ம மாதிரி உடம்பு வரும்?”

செய்யது அலி எழுந்து கதவைச் சாத்தினார்.

“அத எப்படிப் புடிக்கணும்னு எனக்கும் தெரியாது மக்கா. மீசை மொளைக்காத காலத்திலேருந்து கொளச்சல் கடப்பொறத்துல கப்பல் மூட்டை சுமந்தவன் நான். ஒருநாள் எறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்கிட்டு நின்னப்போ, ஒங்க முதலாளி வந்து, ‘ஓய், நீரு எந்த உஸ்தாதுகிட்ட பயிற்சி எடுத்தீரு?’ன்னு கேட்டுட்டாரு.”