தினம் ஒரு பாட்டில்

“இன்னிக்கும் வாங்கினீங்களா?”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா அதை எடுத்து முகர்ந்தாள். பீர் நாற்றம்.

“கடைக்காரனே என்கிட்ட சொல்றான், தினம் ஒரு பாட்டிலாமே! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் தொடாதவருக்கு இப்ப என்ன கேடு வந்துச்சு?”

அப்பா குதிரையேற்றப் பள்ளியில் லாயக்காரர். அது கோடைக்காலம். இலை அசையாத புழுக்கம். சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் வேர்வை வழியும்.

மறுநாள் மதியம் என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா லாயத்துக்கே போய்விட்டாள், கையும் களவுமாகப் பிடிக்க.

பிடித்தும்விட்டாள். அப்பா கையில் திறந்த பாட்டில். ஆனால் அவர் அதைத் தவிட்டு வாளியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வாளிக்குள் முகத்தை விட்டிருந்தது, அவர் குட்டியிலிருந்து வளர்த்த பெண்குதிரை சீமாட்டி.

“அட கண்றாவியே! குதிரைக்கா?”

“கத்தாதே. இவளுக்கு வேர்க்கவே மாட்டேங்குது. தொட்டுப் பாரு.”

அம்மா தொட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ரோமம் சருகாய்க் காய்ந்திருந்தது. மூக்கு விடைக்க மூச்சு வாங்கியது.

“வேர்த்தாத்தானே சூடு இறங்கும்? பீர் குடுத்தா வேர்க்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க. பலிக்குமோ என்னமோ. தண்ணி ஊத்தறேன், வழிச்சு விடறேன், திரும்ப ஊத்தறேன். முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே தள்ளி விட்டுடுவார். வேர்க்காத குதிரை அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.”

அம்மா ஸ்பாஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

“முதல்ல கழுத்தா, முதுகா?”

அந்தக் கோடை முழுக்க அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கில் ஐஸ்கட்டி போனது.

மழை இறங்கிய வாரம் சீமாட்டிக்கு வேர்த்தது. அப்பா ஈரக் கையோடு வீட்டுக்கு ஓடிவந்து எங்கள் மூக்கில் நீட்டினார்.

“ஐயே, குதிரை நாத்தம்!” என்றேன்.

“பன்னீர்டி இது!”

ஆனால் அந்த வருடம் அப்பாவுக்கு வரவேண்டிய தலைமை லாயக்காரர் வேலை வேறொருவருக்குப் போனது. குடிகாரனுக்குத் தர முடியாது என்றுவிட்டார் முதலாளி.

“எவனோ போட்டுக் குடுத்துட்டான். நல்லா இருக்கட்டும்” என்று கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்வார் அப்பா.

அவர் போய் மூன்று வருடமாகிறது. போன வாரம் அம்மாவும் நானும் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

“போட்டுக் குடுத்தது நான்தான்டி” என்றாள் அம்மா.

“நீயா?”

“நாம லாயத்துக்குப் போயிட்டு வந்த மறுவாரம் முதலாளி நம்ம வாசல்ல வந்து நின்னார். ‘உன் புருஷன் தினம் பீர் வாங்கறானாமே, அவனுக்கா, குதிரைக்கா? குதிரைக்கு ஏதாச்சும் கோளாறா?’ன்னு கேட்டார்.”

அம்மா படத்தை முந்தானையால் துடைத்தாள்.

“‘குதிரைக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கு. இவருதான் குடிச்சே சீரழியறாரு’ன்னு ஒரே அழுகையா அழுதுட்டேன்.”