நார்வேக்காரியின் மந்திரம்

"ஓம்" என்றாள் வெள்ளைக்காரி, கண்களை மூடிக்கொண்டு.

ராஜலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நார்வேயில் முழங்கால் வரை பனி கொட்டும் என்று தான் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இது என்ன ஓம்காரம்? நேற்று இரண்டு தடவை, இன்றைக்கு உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில் ஒன்று. கழுத்தில் வேறு கொட்டை கொட்டையாய் மரமணி மாலை. பக்கத்தில் புருஷன்காரன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

சந்தேகமே இல்லை, ஏதோ சாமியார் கும்பல்.

பொன்னிக்கு ஆறு வயது. போன வருஷம் டெல்லி ஸ்டேஷனில் தமிழ்நாட்டு ரயில் வந்து நின்ற பிளாட்பாரத்தில் தனியாக அழுதுகொண்டிருந்தவளைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை. தெற்கு டெல்லியில் இருக்கும் இந்தக் குழந்தைகள் இல்லத்தில்தான் வளர்கிறாள். ஹிந்தி புரிந்தாலும் வாயைத் திறந்தால் தமிழ்தான், அப்படி ஒரு பிடிவாதம்.

இல்லத்தில் வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து ராஜலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை தவறாமல் டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தோடு வருவாள். குழந்தை சாப்பிடுகிற அழகைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட குழந்தையை மூன்று விமானம் மாறி வந்த இந்த இருவரிடம் தத்து என்று தூக்கிக் கொடுப்பதாம். அதுவும் எப்படி? தமிழ்க் குழந்தைதான் வேண்டும் என்று எழுதிக் கேட்டு, அதற்காக நாலு வருஷம் காத்திருந்தார்களாம். இல்லத்தில் இத்தனை குழந்தைகள் இருக்க, தமிழ்க் குழந்தையின் மேல் மட்டும் என்ன அப்படி ஒரு கண்?

நேற்று சாயங்காலமே கணவர் சுப்புவிடம் புலம்பியிருந்தாள். பால்காரனில் ஆரம்பித்து நார்வே வரைக்கும் உனக்குச் சந்தேகம்தான் என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பால்காரன் தண்ணீர் கலந்தது நிஜம்தானே என்று கேட்டதற்குப் பேப்பரை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

இப்போது ராஜலக்ஷ்மி குழந்தையின் பக்கம் குனிந்து, "அங்கே தயிர்சாதம் கிடையாதுடி பொன்னி" என்றாள்.

வெள்ளைக்காரி சட்டென்று கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான். ஓஹோ, ஜாடை வேறா என்று ராஜலக்ஷ்மி மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

குழந்தை சம்மதம் சொல்லும்வரை தம்பதி அதனிடம் நேராக ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பது இல்லத்தின் விதி. எல்லாம் ராஜலக்ஷ்மி மூலமாகத்தான். இன்றோடு கெடு முடிகிறது. பொன்னி சரி என்றால் கோர்ட்டுக்குக் காகிதம் போகும். மாட்டேன் என்றால் வந்தவர்கள் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான். பொன்னியும் பதினெட்டு வயது வரை இந்தச் சுவருக்குள்தான்.

அச்சா, இனி கேட்டுவிடலாம் என்று கண்காணிப்பாளர் அம்மாள் ஹிந்தியில் சொல்லிப் பேனாவைத் திறந்தாள்.

சுவருக்குள் இருந்தாலும் குழந்தை கண்ணெதிரே இருக்கும், வியாழக்கிழமை பார்க்கலாம். ராஜலக்ஷ்மி அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டாள். என்ன சொன்னாலும் இங்கே யாருக்குப் புரியப்போகிறது? முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பேசினாள்.

"பொன்னி, இவா உன்னை மொட்டை அடிச்சு, காவி கட்டி, மடத்துல உட்கார்த்தி வெச்சுடுவா. தமிழ் பேச ஒரு ஆள் இருக்காது. போகமாட்டேன்னு சொல்லிடு."

குழந்தையின் உதடு பிதுங்கியது. நல்லதை எல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று ராஜலக்ஷ்மி கண்காணிப்பாளரிடம் கூசாமல் ஹிந்தியில் சொன்னாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. வெள்ளைக்காரி எழுந்து நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது. விதியை மீறுகிறாளே என்று கண்காணிப்பாளர் கையை உயர்த்துவதற்குள் பேசிவிட்டாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, இனியும் நான் கதைக்காமல் இருக்கேலாது. பிள்ளைக்கு மொட்டை அடிக்க மாட்டம்."

ராஜலக்ஷ்மி அவள் வாயையே பார்த்தாள். தமிழ்!

"எங்கட பக்கத்து வீட்டில யாழ்ப்பாண ஆக்கள் இருக்கினம். நாலு வருசமா அவையளிட்டத்தான் தமிழ் படிச்சனாங்கள், வாற பிள்ளையோட கதைக்கவேணுமெண்டு. இந்த மாலையும் அவை தந்ததுதான். தயிரும் அங்க இருக்கு அக்கா."

"அப்போ... அந்த ஓம்?"

"பனி கொட்டும் எண்டு சொன்னீங்கள். உண்மைதானே? அதுதான் ஓம் எண்டனான். ஓமெண்டா ஆமாம்தானே அக்கா."

என்ன பேச்சு இது, என்ன ஆயிற்று என்று கண்காணிப்பாளர் மேஜையைத் தட்டினாள். ராஜலக்ஷ்மி நாற்காலியை விட்டு எழுந்தாள். இரண்டு நாளாகத் தான் குழந்தையிடம் சொன்ன ஒவ்வொன்றையும் இந்தப் பெண் கேட்டுக்கொண்டு, அந்த ஓம் தவிர வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ராஜலக்ஷ்மிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெல்லக் குழந்தையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். தான் சொன்னதெல்லாம் பொய், மடமும் இல்லை, மொட்டையும் இல்லை என்று சொல்லி, கலைந்திருந்த அதன் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"இவாளோட போறியாடி கண்ணா?"

பொன்னி ராஜலக்ஷ்மியைப் பார்த்தாள். பிறகு வெள்ளைக்காரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம்."