சென்னம்மாவுக்கு ஒரு முகக் கண்ணாடி

கரண்ட் போன அரை மணி நேரத்தில் சோலார் விளக்கும் போய்விட்டது. தொடர்ந்து மூன்றாவது நாள்.

அடுப்படி இருட்டிலிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, நான் சுடுறது தோசையா, கரியா? வந்து தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

நல்லுசாமி செல்போன் டார்ச்சோடு அடுப்படிக்கு வந்தார். ஜூஜுவாடியில் அந்தத் தெருவிலேயே முதல் சோலார் அவருடையது. கம்பெனியில் ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் வாங்கியது. ஊரெல்லாம் இன்வெர்ட்டருக்கு ஓடியபோது, "கரண்டே இல்லாத ஊர்ல இன்வெர்ட்டர் எதைத் தின்னு சார்ஜ் ஏறும்?" என்று கேட்டு எல்லோரையும் மடக்கியவர்.

மனைவி மட்டும் மடங்கவில்லை. வாங்கும்போதே கேட்டாள்.

"போட்ட காசு எப்பத் திரும்பும்?"

"ஒம்பது வருஷம். அதுக்கப்புறம் சூரியன் நமக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன்."

"பேட்டரி எத்தன வருஷம் வரும்?"

"அஞ்சு."

"அப்ப காசு வர்றதுக்குள்ள பேட்டரி போயிருமே."

நல்லுசாமி மொட்டை மாடியில் பேனலுக்கு இடம் அளக்கப் போய்விட்டார்.

இப்போது அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "எதிர்வீட்டு ஜெகதீஷ் பாதி விலைக்குக் கேக்கான். ஞாயித்துக்கிழம கழட்டிக் குடுத்துருங்க. நாமளும் இன்வெர்ட்டர் வாங்குவோம்."

இடையில் ஒரு நாள்தான் இருந்தது. பேனல் போனால் போகிறது. ஜெகதீஷ் முகத்தில் தினமும் எப்படி விழிப்பது?

சோலார் கடைக்காரனுக்கு போன் போட்டார்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினீங்களா சார்?"

"ஊத்தினேன்."

"வெயில் நல்லா விழுதா?"

"உன் மண்டையில விழுற அதே வெயில்தான் இங்கயும் விழுது."

கடைக்காரன் போனை வைத்துவிட்டான்.

செலவைக் குறைத்துப் பார்த்தார். டிவியை நிறுத்தினார். மாடிப்படி பல்பைக் கழற்றினார். அது பேச்சியம்மாள் போடச் சொன்ன பல்பு. மொட்டை மாடி ஒற்றை அறையில் குடியிருக்கும் சென்னம்மா, செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தடுக்கி விழாமல் இருக்க வேண்டுமாம்.

"வாடகைக்கு ரூம் குடுத்தா வெளிச்சமும் சேத்துக் குடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் கழற்றினார். அப்படியும் விளக்கு அரை மணிக்கு மேல் தாங்கவில்லை.

சென்னம்மாவை அவருக்கு ஏற்கெனவே ஆகாது. அஞ்செட்டிப் பக்கத்துக்காரி, போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. போன மாதம் ஒருநாள் காலை, முழங்கால் வலியோடு மாடி ஏறியவர் அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தார். அவள் முந்தானையும் கையுமாகப் பேனல் மேல் குனிந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் மூஞ்சி பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பின்னால் அவர் மூஞ்சி.

"பவுடர் பூச இதுதான் கெடச்சுதா? உன் மூஞ்சி நிழல்ல எவ்வளவு சார்ஜ் போகுது தெரியுமா?"

"இல்லீங்க சார், நானு..."

"இனிமே இதுகிட்ட வராதே."

மறுநாளே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு முகக் கண்ணாடி வாங்கிவந்து அவளிடம் நீட்டினார். நம் மனசு யாருக்கு வரும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். விலையைச் சோலார் கணக்கில் சேர்த்தார்.

"ஒம்பது வருஷமும் ஒரு வாரமும்," என்று பேச்சியம்மாளிடம் அறிவித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்பேனரோடு மாடி ஏறினார். நட்டு எங்கே என்று பேனல் மேல் குனிந்தார். ஏதோ குறைந்தது.

மூஞ்சி. அவர் மூஞ்சி அதில் இல்லை.

விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் வெள்ளையாக வந்தது. கிரானைட் பட்டறைத் தூளும் ஹைவே புழுதியும் பனியில் ஊறி, சுண்ணாம்பு அடித்தாற்போல் அப்பியிருந்தன.

துண்டை நனைத்துத் துடைத்தார். முதலில் கறுப்பு வந்தது. அப்புறம் அவர் மூஞ்சி வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சத்தம் கேட்டுச் சென்னம்மா வெளியே வந்தாள். நல்லுசாமி தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கண்ணாடியத் திருப்பிக் குடு. முன்ன மாதிரி நீ இதுலயே மூஞ்சி பாத்துக்க."

"எங்கிட்ட மொதல்லயே கண்ணாடி இருக்குதுங்க சார்."

"அப்ப இதுல என்ன பண்ணிட்டிருந்த?"

"தொடச்சிட்டிருந்தனுங்க. நான் வர்றப்ப படியில லைட்டு எரியும். சும்மா எப்படி ஏறிப் போறதுன்னு, காலையில எந்திரிச்சதும் ஒரு தொட தொடச்சி வுட்ருவேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"தொறந்தேன் சார். நீங்க கண்ணாடி வாங்கப் போயிட்டீங்க."

நல்லுசாமி பேனலைப் பார்த்தார். பேனல் அவரைப் பார்த்தது.

"துண்டக் குடுங்க. திட்டுத் திட்டா வுட்டு வச்சிருக்கீங்க," என்று வாங்கிக்கொண்டு அவள் குனிந்தாள்.

அவர் கீழே இறங்கி, ஜெகதீஷை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கினார். மாடிப்படி பல்பு பழைய இடத்துக்கு ஏறியது.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் போனது. சோலார் விளக்கு அசையாமல் எரிந்தது. தோசை வெள்ளையாக, வட்டமாக வந்து தட்டில் விழுந்தது.

"நல்லா எரியுதே. யாரு வந்து சரி பண்ணுனா? கடைக்காரனா?" என்றாள் பேச்சியம்மாள்.

நல்லுசாமி தோசையைப் பிட்டார். மென்றார். விழுங்கினார். இனி வாயில் ஒன்றும் இல்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சென்னம்மா."